முதல் வகை அழுங்கு

டண், டண், டண் என்று பெரட்டுக் களத்துத் தண்டவாளம் அலறியது.

விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கிற வரிசைக்கு, கூப்பிடத் தட்டுகிற இரும்பு அது. நட்டநடுப் பகலில் அது வாய் திறந்தால் ஒரே ஓர் அர்த்தம்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லோரி வந்துவிட்டது. ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் அது. செமிலிங்கை அடுத்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் அரிசி இல்லை, சீனி இல்லை, இடுப்புக்கு நல்ல துணி இல்லை. ஓடுவதற்குக் கால் மட்டும் எல்லாரிடமும் மிச்சம் இருந்தது. ஓடினார்கள்.

மரவள்ளிக்குக் களை கொத்திக்கொண்டிருந்த பக்கிரிசாமியும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான். மேட்டுக்காட்டு ரப்பர் நிரையில் வேர் தடுக்கி, மழைத் தண்ணீர் தேங்குவதற்கு வெட்டிய குழி ஒன்றில் குப்புற விழுந்தான். குழியில் அவனுக்கு முன்பே ஒருவர் ஒளிந்திருந்தார். பலாக்காய்க்குச் செதிள் முளைத்த மாதிரி, உருண்டையாகச் சுருண்டு, மூச்சுக் காட்டாமல் கிடந்தார்.

அழுங்கு என்கிற எறும்புத்தின்னி. மலாய்க்காரர்கள் தெங்கிலிங் என்பார்கள். கறி என்ற சொல்லையே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மறந்துவிட்ட காலம். பக்கிரிசாமிக்குச் சயாம் லோரி மறந்துபோயிற்று. மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்ட குழம்பு ஒன்று நாக்கில் கொதித்தது. மிளகும் இஞ்சியும் வீட்டில் இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதனால் என்ன, உப்பு இருந்தது. அழுங்கைத் தலைத்துண்டில் மூட்டையாகக் கட்டினான்.

அதற்குள் பக்கத்து வீட்டு மணியம் மரம் மரமாகத் தேடிக்கொண்டு வந்தான். வந்திருப்பது சயாம் லோரி இல்லை, வேறு ஏதோ இலாகாவாம், கூட்டத்துக்கு வராதவனைக் கட்டிவைத்து அடிப்பார்களாம் என்று மூச்சிரைக்கச் சொன்னான். பக்கிரிசாமி லயத்துப் பின்புறமாக நுழைந்து மூட்டையை மனைவி மருதம்மாளிடம் கொடுத்தான். உலை வைக்கச் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போய் வரிசையில் நின்றான்.

களத்தில் ஜப்பான் அதிகாரி நிஷிமோரி துரை நின்றிருந்தார். இடுப்பில் நீண்ட வாள், கையில் வண்ணத்துப்பூச்சி பிடிக்கிற வலை. இரண்டையும் ஒரே மனிதரிடம் பார்த்ததில் தோட்டத்துக்கு எதற்குப் பயப்படுவது என்றே விளங்கவில்லை. அவர் பக்கத்தில் தர்மலிங்கம். வெள்ளைக்காரன் காலத்தில் அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சுங்கைப்பட்டாணியில் ஜப்பான்காரனின் நிப்பான் மொழி வகுப்புக்குப் போய், இப்போது அரிய உயிர்ப் பாதுகாப்பு இலாகாவின் மொழிபெயர்ப்பாளராகத் திரும்பி வந்திருந்தார். போனபோது இருந்த வயிறு குறையாமல் திரும்பி வந்த ஒரே ஆள் அவர்தான்.

நிஷிமோரி வெகுநேரம் பேசினார். தர்மலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைத் தமிழில் அதைப் பெயர்த்தார்.

"பேரரசின் நிழலில் வாழும் உயிர்கள் இனிமேல் மூன்று வகைப்படும். முதல் வகை, அரியவை. அவற்றை எவரும் தொடலாகாது. தொட்டவன் தலை தங்காது. இரண்டாம் வகை, குறைந்து வருபவை. அனுமதி பெற்றுத் தொடலாம். மூன்றாம் வகை, மலிந்தவை. அவற்றை வேண்டும்போது வேண்டும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த இடத்தை இயற்கை தானே நிரப்பிக்கொள்ளும்."

காட்டுப்பன்றி, குரங்கு, அணில் முதலியவை மூன்றாம் வகை என்று விளக்கினார்கள். முதலியவை என்ற இடத்தில் நிஷிமோரியின் பார்வை வரிசையில் நின்றவர்கள் மேல் ஒரு சுற்றுப் போய் வந்தது. பிறகு முதல் வகைக்குப் படத்தட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். காண்டாமிருகம், அதன் கீழே செதிள் செதிளாக ஒன்று.

பக்கிரிசாமி லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வீட்டில் உலை இந்நேரம் கொதித்திருக்கும்.

கொதித்துத்தான் இருந்தது. ஆனால் உலைக்குள் போகவேண்டியவர் சுருண்டது சுருண்டபடி இருந்தார். எந்தப் பக்கம் தலை என்று தெரியாமல் குழம்பிய மருதம்மாள், ஒரு கையில் அழுங்கும் மறு கையில் கத்தியுமாகக் களத்து நடுவில் வந்து நின்றாள்.

"என்னாங்க, இதுல கத்தியே எறங்க மாட்டேங்குது."

தர்மலிங்கத்தின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. நிஷிமோரி வலையைக் கீழே போட்டுவிட்டு மருதம்மாளின் முன் மண்டியிட்டார். கண்ணாடிக்குள் கண்ணீர் தெரிந்தது.

இதை உயிரோடு பாதுகாத்தது யார் என்று கேட்டார். துரைக்குக் காட்டத்தான் பத்திரமாக வைத்திருந்ததாகப் பக்கிரிசாமி சொன்னான். கத்தி எதற்கு என்றதற்கு, மூட்டை அவிழ்க்க என்றான். மூட்டைக்குத் துண்டு முடிச்சுத்தான், அதை விரலாலேயே அவிழ்க்கலாம். அதைக் கேட்கத் துரைக்குத் தமிழ் வரவில்லை.

அந்த இடத்திலேயே நியமனம் நடந்தது. முதல் வகை உயிருக்கு ஒரு காவலன் உண்டு என்பது விதி. காவலன் அந்த உயிரின் உறுப்பு மாதிரி. உயிரை இடம் பெயர்க்கக்கூடாது என்றால் உறுப்பையும் பெயர்க்கக்கூடாது. ஆகவே பக்கிரிசாமியைச் சயாம் லோரி தொடாது.

பக்கிரிசாமிக்கு இந்தச் சட்டம் புதிதாகவே தோன்றவில்லை. ஒருத்தரும் தொடக்கூடாது, தொட்டால் உயிர் போகும், தின்ன வந்ததைத் தின்னவிட்டு ஒரு காவலும் போடுவது. தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கிடாய் நேர்ந்து விடுவதும் இப்படித்தானே. அவன் கைகட்டி, தர்மலிங்கத்தின் காதோரம் குனிந்து, பணிவாகவே கேட்டான்.

"கிராணி ஐயா, இத எந்த சாமிக்கு நேந்து விட்டிருக்கு? வெட்டு எப்ப?"

அந்தக் கேள்வியை அப்படியே நிப்பான் மொழியில் சொன்னால் இரண்டு தலை உருளும். தர்மலிங்கம் பார்த்துப் பார்த்து வேறு மாதிரி சொன்னார். இந்த உயிர் எந்தப் பெரியவருக்கு அர்ப்பணம் என்று காவலன் அறிய விரும்புகிறான். நிஷிமோரி மகிழ்ந்துபோனார். முதல் வகை மிக மிக உயர்ந்தவர்களுக்கே உரியது என்று பதில் வந்தது.

"அப்ப நான் சொன்னது சரிதான்" என்றான் பக்கிரிசாமி.

நேர்ந்து விட்ட உயிருக்குத் தன் ஊர் ஆட்கள் செய்கிற மரியாதைகளையும் அவன் விவரித்தான். மஞ்சள் பூசுவது, மாலை போடுவது, கடைசியில் தலையில் தண்ணீர் தெளிப்பது. தண்ணீர் பட்டதும் கிடாய் உடம்பைச் சிலுப்பினால் அது சம்மதம். சிலுப்பாவிட்டால் அரிவாளைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். நிஷிமோரி இதைக் கேட்டு நெகிழ்ந்தார். உயிரின் சம்மதம் எவ்வளவு உயர்ந்த கொள்கை, நாங்களும் அப்படித்தான், சயாமுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் சம்மதித்தே லோரி ஏறுகிறார்கள் என்றார். மாலையும் தண்ணீரும் அன்றே இலாகா விதியாயின.

அப்புறம் காவல் தொடங்கியது.

காலையில் எல்லாரும் கிழக்கே பார்த்துச் சக்கரவர்த்தியை வணங்க வேண்டும். அழுங்கும் வணங்க வேண்டும் என்று உத்தரவு. பக்கிரிசாமி அதைக் கையில் ஏந்தி வரிசையின் முன்னால் நிற்பான். கூட்டத்தைக் கண்ட பயத்தில் அது மூக்கை வயிற்றுக்குள் செருகி உருண்டையாகிவிடும். இதுபோல் குனிய உங்களில் ஒருவனுக்காவது தெரியுமா என்று நிஷிமோரி வரிசையைக் கடிந்துகொள்வார். குனிவு போதாத இரண்டு பேருக்கு அறை விழுந்தது.

அழுங்குக்கு மரவள்ளி இறங்கவில்லை. எறும்பும் கரையானும்தான் தின்றது. முதல் வகையின் உணவு மலிந்த பொருளாக இருக்கலாமா என்று இலாகா கூடி யோசித்து, தோட்டத்து எறும்புகளையும் கரையான்களையும் இரண்டாம் வகைக்கு உயர்த்தியது. அதிலிருந்து பாலுக்கு மரம் வெட்டும்போது கழுத்தில் எறும்பு கடித்தால் அனுமதி வாங்கித்தான் தட்டிவிடலாம். அனுமதி சுங்கைப்பட்டாணியிலிருந்து வரவேண்டும். லயத்துத் தூண்களைக் கரையான் சாவகாசமாகத் தின்றது. ஒரு மழை நாளில் பக்கிரிசாமி வீட்டுச் சமையற்கட்டு உட்கார்ந்துவிட்டது. பாதுகாப்பு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதை ஆதாரமாகப் படம் பிடித்துப் போனார்கள்.

லயத்து முன்னால் இருந்த ரம்புத்தான் மரத்தில் சிவப்பெறும்பு கூடு கட்டியிருந்தது. இரண்டாம் வகைக்கு வீடாயிருப்பதால் மரம் முதல் வகைத் தாவரமாயிற்று. காய்த்துச் சிவந்து குலுங்கியது. பசித்த பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பழம் தானே விழுந்தால் எடுக்கலாமா என்று தாய்மார் மனுச் செய்ததற்கு, விழுந்த பழமும் மரத்தின் உறுப்பே என்று பதில் வந்தது. அழுகி நாறியது. அந்த நாற்றத்துக்கு எந்த வகையும் கொடுக்கப்படவில்லை.

இதற்கிடையில் நிஜமான சயாம் லோரி இரண்டு முறை வந்துபோனது. அதன் சத்தம் கேட்டாலும் பக்கிரிசாமி ஓடவில்லை. வாசலில் அழுங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆள் பிடிக்கிறவர்கள் அழுங்குக்கு வணக்கம் செய்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வீடு மணியத்தின் வீடு. அவனுக்குப் பிள்ளை பிறந்து பேர்கூட வைக்கவில்லை. முதல் முறை கூரையில் ஒளிந்து தப்பினான். அதற்குப் பிறகு ஒருநாள் பக்கிரிசாமியிடம் வந்து, வெகுநேரம் வேறு எதையோ பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, இதோட வாலு பாருங்கண்ணே, எம்மாம் நீளம். ஒத்த ஆளு முழுசையும் பாக்க முடியுமா? வாலுக்கு மட்டும் என்னப் போடச் சொல்லுங்கண்ணே."

பக்கிரிசாமி தர்மலிங்கத்திடம் சொல்ல, அவர் இலாகாவிடம் சொல்ல, வால் தனியே அரியது அல்ல என்று முடிவாயிற்று. இரண்டாம் லோரியில் மணியம் போனான். கூரையைக் கரையான் தின்றிருந்ததால் ஒளிய இடம் இல்லை.

அன்று மாலை மருதம்மாள் அழுங்கைக் கழுவப் போனவள், தகரத் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வாலின் அடியை இறுகப் பிடித்துக்கொண்டு, வெளிர் நிறத்தில், கையகலக் குட்டி ஒன்று சவாரி செய்தது.

"ஐயோ, பெத்துப்புட்டாங்க" என்றாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல்.

இலாகாவின் கணக்கைத் தர்மலிங்கம் பலமுறை தோட்டத்துக்குச் சொல்லியிருந்தார். ஒன்று என்றால் அரியது, இரண்டு என்றால் குடும்பம், மூன்று என்றால் பண்ணை. குடும்பம் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்குக் காவலன் கிடையாது. அந்தக் கையகலம் வெளியே தெரிந்தால் பக்கிரிசாமிக்கு லோரிதான். அவன் அன்றிலிருந்து சாமியிடம் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒன்றே. இந்த ஜாதி பெருகக்கூடாது.

பிள்ளை இல்லாத அந்த வீட்டில் ஒரு தூளி தொங்கியது. தாய் பால் கொடுத்து முடித்ததும் மருதம்மாள் குட்டியைத் தூளியில் போட்டு ஆட்டினாள். தாலாட்டுப் பாடினாள். மேற்பார்வைக்கு வந்த தர்மலிங்கம் யார் பிள்ளை என்று கேட்டார். தங்கச்சி பிள்ளை, திகாம் பத்துவிலிருந்து வந்திருக்கு, அம்மை போட்டிருக்கு என்றாள். அம்மை என்றதும் அவர் தூளிப் பக்கம் வராமலே, அழகான பிள்ளை என்று எழுதிக்கொண்டு போனார்.

இப்படி நாள் ஓடிக்கொண்டிருந்தபோது பினாங்கிலிருந்து பெரிய தளபதி ஒருவர் தோட்டத்து பங்களாவுக்கு விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. கூடவே ஓர் உத்தரவு. முதல் வகை உயிரைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, பங்களாப் பின்கட்டுக்குக் கொண்டுவரவும்.

பின்கட்டு என்றால் சமையற்கட்டு. தோட்டத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை. நேர்ந்து விட்டதற்கு நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான். பக்கிரிசாமி மட்டும் திடுக்கிட்டான். கிடாய் வெட்டியதும் கிடாய்க் காவலன் என்ன ஆவான் என்று அவன் அதுவரை யோசித்திருக்கவில்லை. விதியில் இருந்த கடைசிக் கொடியைப் பிடித்துத் தொங்கினான். சம்மதம் கேட்கவேண்டும் என்றான்.

நிஷிமோரி சட்டத்தை மதிக்கிறவர். கேட்போம் என்றார். பங்களா முற்றத்தில் வாழையிலை விரித்து, அழுங்குக்கு மாலை போட்டு, பக்கிரிசாமி அதன் தலையில் தண்ணீர் தெளித்தான். தலை எங்கே இருக்கிறது? உருண்டைமேல் தெளித்தான். உருண்டை இன்னும் இறுகியது. மறுபடியும் தெளித்தான். ஒரு குடம் தீர்ந்தது. உள்ளே தளபதி மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. பக்கிரிசாமிக்கு மனசுக்குள் மத்தாப்பு.

அப்போது தர்மலிங்கம் முன்வந்து, அழுங்கைக் கூடையில் எடுத்து வைத்து, கூடையை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக ஆட்டினார்.

"சிலுப்பிவிட்டது" என்று இரண்டு மொழியிலும் அறிவித்தார்.

நிஷிமோரி உயிரின் பெருந்தன்மைக்குத் தலை வணங்கினார். முதல் வகையைத் தொடக்கூடாது என்று பக்கிரிசாமி கடைசியாக ஒருமுறை முனகினான். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டு, சமையற்காரனுக்கு நீண்ட இடுக்கி ஒன்று கொடுத்தார்கள். கை படாமலே சூப் வைக்கப்பட்டது.

மறுநாள் காலையில் தர்மலிங்கம் வீட்டு வாசலுக்கே வந்தார். உயிர் இல்லாத இடத்தில் உறுப்புக்கு வேலை இல்லை, நாளைக்கு வரும் லோரியில் பக்கிரிசாமி ஏறவேண்டும் என்று, வருத்தப்படுகிற முகத்தோடு சொன்னார். மருதம்மாள் தூளிக்குள் கையை விட்டுக் குட்டியை எடுத்தாள். மாரோடு அணைத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தாள். பின்னால் பக்கிரிசாமி, அவன் பின்னால் தர்மலிங்கம்.

குட்டியைக் கண்டதும் நிஷிமோரி துள்ளிக் குதித்தார். தோட்டத்து ஆட்களைக் களத்தில் கூட்டச் சொன்னார். இரும்பு அலறியது. இந்தத் தடவையும் ஓடிப்போய், திரும்பி வந்தார்கள்.

"இலாகாவின் வெற்றியைப் பாருங்கள்" என்று பெயர்த்தார் தர்மலிங்கம். "தாயும் சேயுமாக இருந்திருந்தால் இவ்வினம் இரண்டாம் வகைக்குத் தாழ்ந்திருக்கும். உரிய நேரத்தில் தளபதியார் தாயை உண்டு, சேயை அரியதாக்கினார். உண்ண உண்ண உயரும் அருமை. இக்குட்டி இன்று முதல் சிறப்பு முதல் வகை."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். பக்கிரிசாமி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தான்.

நிஷிமோரி மேலும் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது தர்மலிங்கத்துக்கு மட்டும்தான் தெரியும். சயாமில் மொழிபெயர்ப்பாளர்களும் காய்ச்சலில் சாகிறார்கள், புது ஆள் கேட்கிறார்கள் என்று அந்த வாரம் சுங்கைப்பட்டாணியில் ஒரு பேச்சு இருந்தது. தர்மலிங்கம் தமிழில் சொன்னது இது. சிறப்பு முதல் வகைக்கு மூன்றாம் வகை ஆள் காவலனாக இருப்பது பொருந்தாது. நிப்பான் மொழி அறிந்த ஒருவரே அப்பொறுப்புக்கு உரியவர்.

அப்படி ஒருவர்தான் அந்தத் தோட்டத்தில் இருந்தார்.

லோரி வந்தது. தண்டவாளம் அடித்தது, ஆனால் ஓடுவதற்கு அதிகம் பேர் இல்லை. பக்கிரிசாமி ஒரு சட்டையும் ஒரு தகரக் குவளையுமாக ஏறி, பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் நிப்பான் மொழியில் கேட்டார்கள். லோரி இன்ஜின் உதறிய உதறலில் எல்லாருடைய தலையும் ஆடியது. திருப்தியாகக் குறித்துக்கொண்டார்கள்.

களத்து ஓரத்தில் தர்மலிங்கம் குட்டி அழுங்கை மார்போடு அணைத்து நின்றிருந்தார். அதன் கழுத்தில் மாலை. தனக்கு வந்த பதவியைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்க வேண்டும், லோரிப் பக்கம் பார்க்கவில்லை. மருதம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. அது லோரிமேல் நின்ற பக்கிரிசாமிக்கும் தெளிவாகக் கேட்டது.

"கிராணி ஐயா, ஒத்த அழுங்குக் குட்டிக்கு இலாகா இருக்கு, சட்டம் இருக்கு, காவலுக்கு நீங்க இருக்கீங்க. எம் புருசன மாதிரி ஆளுங்களக் காப்பாத்த ஒங்க சட்டத்துல எடமே இல்லியா?"

தர்மலிங்கம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நிஷிமோரி தூரத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தார். மேடைத் தமிழை விட்டு, மெய்யான இரக்கத்தோடு, தாழ்ந்த குரலில் அவளுக்குச் சொன்னார்.

"இல்லாம என்னா மருதம்மா, கொஞ்சம் பொறுத்துக்க. இன்னும் ரெண்டு லோரி போவட்டும், அப்பறம் இங்க மிஞ்சுறவன் முதல் வகைதான்."